மலைப்பாதையும் மனித உயிரும்

உதகையிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் பாட்டையும், குன்னூரிலிருந்து ஏறிவரும் பாட்டையும் கட்டபெட்டில் ஒன்று கூடுகின்றன. பசுந்தேயிலை ஏற்றிய லாரி, பள்ளிப் பிள்ளைகளின் பஸ், சமவெளியிலிருந்து வரும் உல்லாசப் பிரயாணியின் கார், தோட்டத்துக்கு நடந்துபோகும் தொழிலாளி ஆகிய யாவருக்கும் இங்கே ஒரே பாட்டைதான். கோடை நெரிசலில் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் விடும் ஏற்பாடு பல ஆண்டுகளில் செய்யப்பட்டிருக்கிறது. அந்நாட்களில் உதகையிலிருந்து இறங்கும் கூட்டம் இவ்வூரைக் கடந்தே போகிறது.

மலையில் வண்டி கவிழ்ந்தால், "டிரைவர் யார்?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். "பாதை எப்படி அமைந்திருந்தது?" என்று கேட்பவர் அரியர். 2023 செப்டம்பர் 30-ம் தேதி, குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே மரப்பாலத்துக்கு அருகில், தென்காசி ஜில்லாவிலிருந்து வந்திருந்த சுற்றுலா பஸ் பள்ளத்தில் உருண்டு 9 பேர் மாண்டனர். அவ்விபத்தில் குற்றம் எவருடையது என்று தீர்ப்பது நமது வேலையன்று. ஆயினும் பொதுவாக ஒன்று சொல்வோம். சாரதியும் மனிதனே, களைப்பான், பழக்கமில்லாத வளைவில் தடுமாறுவான். அத்தடுமாற்றம் மரணமாக முடியாமல் காப்பது பாதை வகுப்போரின் கடமை.

இதற்கு அளவுகோல் இல்லாமலில்லை. 1934-ல் தோன்றிய இந்தியச் சாலை காங்கிரஸ் மலைப்பாதைகளுக்கென்றே விதிகள் வகுத்திருக்கிறது. முதலில் வேகத்தை நிச்சயித்து, மற்ற அளவுகளை அதிலிருந்து பெறுவதே முறை. கொண்டை ஊசி வளைவு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கேனும் தக்கதாயிருக்க வேண்டும். உட்புற ஆரம் 14 மீட்டருக்குக் குறையலாகாது. வளைவுக்குள் 40 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் கூடாது.

பார்வைத் தூரமும் அத்தகையதே. அபாயத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க 2.5 விநாடி ஆகுமென்று கணக்கிட்டிருக்கிறார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 28 மீட்டர் ஓடிவிடும். முற்றிலும் நிற்க 45 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்துக்கு 30 மீட்டர் போதும். இறக்கத்தில் இத்தூரம் இன்னும் மிகும். வளைவின் உட்புறத்தைப் பாறையோ விளம்பரப் பலகையோ மறைத்து 30 மீட்டரே தெரியுமாயின், அவ்விடத்தில் 40 கிலோமீட்டர் வேகம் உயிரோடு விளையாடுவதேயாகும்.

"பாட்டையை அகலப்படுத்தினால் போதும்" என்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். நேரான பகுதியை மட்டும் அகலமாக்கி வளைவைப் பழையபடி விட்டால், வேகந்தான் கூடும். மலையைச் செங்குத்தாக வெட்டினாலோ மண் சரியும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஜில்லாவில் 40-க்கு மேற்பட்டோர் மாண்டதையும் மறந்துவிட முடியுமா? வடிகாலும், தாங்குசுவரும், அச்சுவரில் நீர் கசிய விடும் துளைகளும் பாதையின் உயிர்நிலைகள்.

2019-ம் வருஷத்துத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ பிரிவு சேர்ந்தது. பாதை அமைப்பிலும் பராமரிப்பிலும் விதித்த தரத்தைக் கைவிட்டதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார ஸ்தாபனத்துக்கோ காண்டிராக்டருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது இடந்தருகிறது. 2022-ல் மட்டும் 1,68,491 பேரைச் சாலையில் பலிகொடுத்த தேசத்தில் இத்தொகை அற்பமே. எனினும், பாதையைச் சமைத்தவரும் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும் என்ற தத்துவம் அற்பமன்று.

சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவால் 2024 மே மாதத்தில் நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது. வண்டிகளை எண்ணத் தொடங்கியாயிற்று. வளைவுகளை அளப்பது எப்போது? கட்டபெட்டுச் சந்திப்பு முதலாக ஒவ்வொரு வளைவின் ஆரத்தையும், ஏற்றத்தையும், பார்வைத் தூரத்தையும் அளந்து ஜனங்கள் அறிய வெளியிட வேண்டும். விபத்து நேருந்தோறும் வண்டியைப் போலவே பாதையையும் பரிசோதிக்க வேண்டும். கிராம சபைகளில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவது மலைநாட்டுத் தொண்டர்களின் பொறுப்பு. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே அவர்கள் இதைத் தொடங்குவார்களாக.