இதயம் காக்கும் கூர்நோக்கு

மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவில் விடியற்காலையிலேயே பணி தொடங்கிவிடுகிறது. நோயாளிகள் பசியாறுவதற்கு முன்பே தாதியர் அவர்களின் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்கின்றனர். நெஞ்சில் உள்ள நோய்க்கும் எடைத்தராசுக்கும் என்ன தொடர்பு என்னும் கேள்வி பலருக்கும் எழலாம்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. மாரடைப்பு, நீண்டகால உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் இதயத் தசை பலவீனமடையும்போது, உடலுக்குத் தேவையான அளவு இரத்தம் செல்வதில்லை. இந்நிலையை இதயச் செயலிழப்பு என்பர். இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. அதன் ஆற்றல் குறைந்துவிட்டது என்பதே பொருள்.

இரத்த ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடலிலேயே தேக்கத் தொடங்குகிறது. 1 லிட்டர் நீரின் எடை 1 கிலோகிராம் ஆகும். ஆகவே, இத்தகைய நோயாளியின் எடை 3 நாள்களில் 2 கிலோகிராமுக்கு மேல் கூடினால், உடலில் நீர் தேங்குகிறது என்று தாதியர் ஐயுறுகின்றனர். மூச்சுத்திணறல் கடுமையாவதற்கு முன்பே எடைத்தராசு இந்த எச்சரிக்கையைத் தந்துவிடக்கூடும்.

தாதியரின் கவனிப்பு எடையோடு முடிவதில்லை. நோயாளியின் காலை விரலால் சில நொடிகள் அழுத்திப் பார்க்கின்றனர். விரலை எடுத்த பிறகும் குழி மறையாவிட்டால், அங்கு நீர் கோத்திருக்கிறது என்று அறியலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீக்கம் கீழ்முதுகில் தோன்றும் என்பதால் அங்கும் பார்ப்பார்கள். நாடித்துடிப்பு ஒழுங்கற்று இருந்தால், அதனை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுகின்றனர். பெரியவர்களுக்கு ஓய்வு நேரத்தில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பாகும்.

கருவிகளால் அறிய முடியாததைக் கேள்விகளால் அறியலாம். “மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டால், “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று சில முதியவர்கள் மழுப்பிவிடுவார்கள். அனுபவமுள்ள தாதியோ, “ஐயா, இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?” என்று கேட்பார். முன்பு ஒரு தலையணை போதுமாக இருந்தவருக்கு இப்பொழுது மூன்று தேவைப்பட்டால், அவரால் சமமாகப் படுக்க முடியவில்லை என்று பொருள். படுக்கும்போது கால்களில் உள்ள நீர் மீண்டும் இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குச் சுமையாவதே இதற்குக் காரணம்.

இவ்வாறு கண்டறிந்தவற்றைத் தாதியர் மருத்துவருக்கு உடனே தெரிவிக்கின்றனர். மூச்சு விட எளிதாக இருக்கும்படி கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தி வைக்கின்றனர். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைப் பெரும்பாலும் காலையில் கொடுக்கின்றனர். இரவில் தூக்கம் கெடாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. குடித்த நீரின் அளவையும் வெளியேறிய சிறுநீரின் அளவையும் பதிவு செய்கின்றனர்.

நோயாளி வீடு திரும்பிய பின் இந்தக் கவனிப்புக் குடும்பத்தாரின் பொறுப்பாகிறது. ஊறுகாய், கருவாடு, உடனடி மீ போன்ற உப்பு மிகுந்த உணவைக் குறைக்க வேண்டும். உடல் தேறிவிட்டது என்று எண்ணி மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலியோ கடுமையான மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், 999 எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

இதில் இளையோருக்கும் பங்குண்டு. பள்ளிக்குப் புறப்படும் முன் தாத்தாவின் எடையைப் பார்த்து, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதி வைக்க ஒரு நிமிடம் போதும். அந்த எண் திடீரென்று உயர்ந்தால், அதனைப் பெரியவர்களிடம் உடனே சொல்ல வேண்டும். தாதியரின் கூர்நோக்கு அவ்வாறு வீட்டிலும் தொடர்ந்தால், ஓர் உயிரைக் காக்க முடியும்.