இரண்டு அங்குலம் உயர்த்துமுன் யோசியுங்கள்

கிளமெண்டி வீவக வீடொன்றில் குடியிருக்கும் ஒருவர் சுசுகி ஜிம்னி போன்ற நான்கு சக்கர இயக்க வாகனத்தை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வார நாள்களில் ஆயர் ராஜா விரைவுச்சாலை வழியாக வேலைக்குப் போக வேண்டும். பள்ளி விடுமுறையில் மனைவி மக்களுடன் துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்து ஜொகூரின் காட்டுப் பாதைகளைப் பார்த்துவர ஆசை. “வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிடு, பிறகு எந்தப் பள்ளமும் உனக்குத் தூசு” என்கிறார்கள் நண்பர்கள். வேலையும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆனால் எதை மாற்றுகிறோம், அதனால் வேறு எதுவெல்லாம் மாறுகிறது என்று அறியாமல் பணத்தை எடுத்து நீட்டுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

உயர்வது எது?

2018ல் வெளிவந்த ஜிம்னியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். அதன் முன்னும் பின்னும் இருப்பவை முழு அச்சுகள். நீளமான ஸ்பிரிங்கைப் பொருத்தினால் வண்டியின் சட்டமும் உடலும்தான் மேலே போகும். அச்சின் நடுவில் குடம்போல் தொங்கும் பல்சக்கரப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பதும் பெரும்பாலும் அதுதான்.

அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 195/80 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டால் விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் கூடும். அச்சு உயர்வது 20 மில்லிமீட்டர்தான். கூடவே வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். அது 80 என்று காட்டும்போது வண்டி சுமார் 85 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

அப்படியானால் ஸ்பிரிங்கை உயர்த்துவதால் பயனே இல்லையா? உண்டு. மேட்டில் ஏறும்போது முன்பக்கமும், இறங்கும்போது பின்பக்கமும், முகட்டைத் தாண்டும்போது வயிற்றுப் பகுதியும் தரையில் உரசாது. பெரிய டயர் சுழல இடமும் கிடைக்கும்.

எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்

கடையில் முதலில் கேட்க வேண்டியது, “எத்தனை அங்குலம்?” என்பதல்ல, “எத்தனை கிலோவுக்கு?” என்பதே. முன்பக்க இரும்புத் தடுப்பு, கூரைக் கூடாரம், தண்ணீர், சமையல் சாமான் ஆகிய சுமை எப்போதும் வண்டியில் இருக்குமா, எப்போதாவது ஏறுமா என்று கணக்கிட வேண்டும். பாரம் தாங்கும் கடினமான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் ஒவ்வொரு மேட்டிலும் முதுகெலும்பு உலுங்கும். சக்கரமும் தரையைப் பற்றாமல் துள்ளும். மென்மையான ஸ்பிரிங்கின்மேல் பாரத்தை ஏற்றினால், உயர்த்திய உயரம் முழுவதும் அமுங்கிப் போகும். பழைய ஜீப்புகளில் உள்ள கமான் பட்டைக்கும் இதே கணக்குத்தான்.

ஸ்பிரிங் நீண்டால் அப்சார்பரும் நீள வேண்டும். பழையதையே விட்டுவைத்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது கடைசிவரை இழுபட்டு அடிவாங்கும். புதியது மிக நீளமாக இருந்தாலும் ஆபத்துத்தான். அமுங்கும்போது உள்ளேயே முட்டிக்கொள்ளும். அதற்கேற்ப ரப்பர் முட்டுகளும் உயர வேண்டும்.

மறந்துபோகும் சில்லறைகள்

யானை வாங்கியவர் அங்குசத்திற்குப் பேரம் பேசும் இடம் இதுதான். பிரேக் குழாய் போதிய நீளம் இல்லையென்றால் சக்கரம் தொங்கும்போது இழுபடும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பி பழைய நீளத்திலேயே இருந்தால் அச்சு ஒருபக்கமாக நகர்ந்துவிடும். முன் அச்சின் சாய்கோணத்தைச் சரிசெய்யாவிட்டால் விரைவுச்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் வாகனங்களில், அளவுக்கு மீறி உயர்த்தினால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுகள் சீக்கிரம் தேயும். ஆகவே தனித்தனி உதிரிப்பாகங்களை ஆங்காங்கே பொறுக்குவதைவிட, அந்த வாகனத்திற்கென்றே வடிவமைத்த முழுத் தொகுப்பை வாங்குவது நல்லது. பொருத்தியபின் சக்கரச் சீரமைப்பும் முன்விளக்குகளின் கோணமும் பார்க்கப்பட வேண்டும்.

கவிழும் கணக்கு

சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்து வரும் எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வாகனங்களின் கவிழும் அபாயத்தை மதிப்பிடப் பயன்படுத்துகிறது. ஒரு பேச்சுக்கு அகலம் 140 செ.மீ., மைய உயரம் 65 செ.மீ. என்றால் விடை 1.08. மையம் 4 செ.மீ. உயர்ந்தால் அது 1.01 ஆகிவிடும். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். இந்த வேறுபாடு காட்டில் மெல்ல ஊரும்போது தெரியாமல் போகலாம். விரைவுச்சாலையில் குறுக்கே வரும் மோட்டார்சைக்கிளுக்காகச் சட்டென ஒடிக்கும்போது தெரியும். பின்இருக்கையில் பிள்ளைகள் இருப்பதை அப்போது நினைத்துப் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகன மாற்றங்களில் அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை என மூன்று வகைகளை நிலப் போக்குவரத்து ஆணையம் வகுத்துள்ளது. பொருளை வாங்குமுன் ஆணையத்திடம் கேட்டுவிடுவதே முறை. கார் என்றால் மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நேரத்தில் இழப்பீட்டுக்கே தடையாகலாம். இந்தியாவிலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது.

கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கரடுமுரடான பாதையில் ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே வண்டியைக் கரைசேர்ப்பது பாதையை அறிந்த ஓட்டுநரின் நிதானம். ஆகவே முதல் செலவு நல்ல டயருக்கும், மண்பாதையில் ஓட்டும் பயிற்சிக்கும் இருக்கட்டும். அதன்பின்னும் தேவை என்று பட்டால் உயரத்தைக் கூட்டலாம்.

அதற்குமுன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1.72 மீட்டர் உயரமுள்ள ஜிம்னியில் ஸ்பிரிங்கால் 5 செ.மீ., டயரால் 2 செ.மீ., கூரைக் கூடாரத்தால் 30 செ.மீ. கூடினால் மொத்தம் 2.09 மீட்டர். உங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிட வாசலில் எழுதியிருக்கும் உயர வரம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காட்டுக்குள் போய்வந்த வண்டி வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா!