யாரை யார் கேலி செய்யலாம்?



நகைச்சுவை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர் கேட்டார்: "அழறதுக்கே இவ்வளவு இருக்கு. சிரிப்பைப் பத்திப் பேசணுமா?" பேச வேண்டும். ஏனென்றால் கல்லூரியிலும் அலுவலகத்திலும் அவமதிப்பு இன்று பெரும்பாலும் சிரித்த முகத்தோடுதான் வருகிறது. எதிர்த்துக் கேட்டால், "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், இதுக்குப் போய்க் கோவிச்சுக்கிறியே" என்பார்கள். அவமதித்தவர் நல்லவராகிவிடுகிறார். அவமதிக்கப்பட்டவர் நகைச்சுவை உணர்வு இல்லாதவராகிவிடுகிறார்.

சிரிப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் எதற்குச் சிரிப்பது, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதைச் சமூகம்தான் கற்றுக்கொடுக்கிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் சிரிப்பை ஆறாகப் பிரித்து, உயர்ந்தோர், நடுத்தரத்தார், தாழ்ந்தோர் என்று ஆளுக்கு இரண்டாகப் பங்கிடுகிறது. உயர்ந்தவருக்குப் பல் தெரியாத புன்னகை. தாழ்ந்தவருக்குக் கண்ணீர் வரும் உரத்த சிரிப்பு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஆளைப் பிரிக்கவில்லை, காரணத்தைப் பிரிக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. இதில் எள்ளலை உரையாசிரியர் பேராசிரியர் மேலும் இரண்டாக்குகிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பது இன்னொன்று. இரண்டாவது சிரிப்பை நம்மில் பலருக்குத் தெரியும். விடுதி அறையில், தேநீர் இடைவேளையில், மற்றவர்களோடு சேர்ந்து நாமும் சிரித்துவைத்த சிரிப்பு அது.

கேலி எப்போது கேலியாகிறது? நம் உறவுமுறையே இதற்குப் பதில் சொல்கிறது. மச்சானை, கொழுந்தியை, மாமன் மகளை என்ன கேலி வேண்டுமானாலும் செய்யலாம், அது முறை. அதே சொல்லைப் பங்காளி வீட்டில் சொன்னால் சண்டை. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரையில் இதைக் 'கேலி உறவு' என்று விளக்கினார். ஒருவர் கேலி செய்ய உரிமை பெற்றவர், மற்றவர் அதற்குக் கோபப்படக் கூடாதவர். இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் உறவும் உண்டு; ஒருவர் மட்டுமே செய்ய, மற்றவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய உறவும் உண்டு என்றார்.

ஊருக்கும் சேரிக்கும் இடையே மாமன் மச்சான் உறவு கிடையாது. பெண் கொடுக்கல் வாங்கலைத் தடுப்பதுதான் சாதியின் முதல் வேலை. உறவு இல்லாத இடத்தில் கேலி உரிமை எங்கிருந்து வந்தது? அதிகாரத்திலிருந்து. நம் மொழியும் அதற்கு உடந்தை. நீ, நீங்க, வா, வாங்க, வாடா என்று ஆளை எங்கே வைக்கிறோம் என்று காட்டாமல் தமிழில் ஒருவரைக் கூப்பிடுவதே கடினம். அறுபது வயதுக்காரரைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் 'வாடா' என்றான். அவர் அவனைச் 'சின்னய்யா' என்றார். இந்த இரண்டு சொல்லுக்கு நடுவே பிறக்கும் நகைச்சுவை ஒரு திசையில்தான் ஓடும்.

ஆனால் நம் ஆட்கள் சிரிக்காமல் இருந்ததில்லை. நடவு முடிந்து வரப்பில் வரும்போது என் பாட்டி பண்ணையாரின் நடையை நடந்து காட்டுவார். கூட வரும் பெண்கள் வரப்பிலேயே உட்கார்ந்து சிரிப்பார்கள். தெரு திரும்பியதும் எல்லா முகமும் பழையபடி ஆகிவிடும். ஜேம்ஸ் ஸ்காட் 1990இல் வெளிவந்த நூலில், ஆதிக்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஒடுக்கப்பட்டோர் பேசும் இந்தப் பேச்சை மறைவான எதிர்ப்பாகவே பார்த்தார். தெருக்கூத்தில் ராஜா செந்தமிழில் பாட, கட்டியங்காரன் பேச்சுத் தமிழில் அவரைக் கிண்டல் செய்வதும் இதே வேலைதான். இந்தச் சிரிப்பு பின்னர் அச்சுக்கும் வந்தது. பாமா தன் சிறுகதைத் தொகுப்புக்குக் 'கிசும்புக்காரன்' என்று பெயர் வைத்தார்.

ஒரே செயல் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' காட்டியது. நாயகனின் தந்தை பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞர். கூத்துக் களத்தில் அது கலை, பிழைப்பு. கல்லூரி வாசலில் அதே மனிதரின் வேட்டியை உருவித் துரத்துகிறார்கள். துரத்துகிறவர்களுக்கு அது விளையாட்டு.

இனி, நடைமுறைக்கு இரண்டு விஷயங்கள்.

ஒன்று, சட்டம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. சாதிப் பெயரால் வசைபாடுவதை 2015 திருத்தம் தனிப் பிரிவாகவே சேர்த்தது. வழக்கில் நோக்கத்தைப் பற்றித்தான் வாதம் நடக்கும்; அங்கேதான் 'விளையாட்டு' என்ற சொல் கேடயமாக வரும். அதனால் என்ன சொல், எந்த இடம், யார் யார் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள்.

இரண்டு, ஒரு கேள்வி. யாராவது உங்களிடம் "விளையாட்டுத்தானே" என்றால், "அப்போ நான் திருப்பிச் சொல்லலாமா?" என்று கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே "சொல்லு" என்றால் அது நட்பு. முகம் மாறினால் அங்கே நடந்தது கேலி அல்ல.

இந்தக் கேள்வியை நமக்குள்ளும் கேட்க வேண்டும். நம் மேடைகளில் பெண்களை, திருநங்கைகளை, நம்மிலும் கீழே வைக்கப்பட்ட சாதிகளை வைத்துச் சொல்லப்படும் துணுக்குகளுக்கு நாம் கைதட்டியிருக்கிறோம். நானும் தட்டியிருக்கிறேன். அவர்கள் நம்மைத் திருப்பிச் சொல்ல இடம் இருந்ததா? இல்லையென்றால், பாட்டி நடந்து காட்டிய அந்த நடையை இப்போது நாம் நடக்கிறோம்.