இடுப்பு மூட்டு ஆபரேஷனா? நடக்கலாம், நீந்தலாம்... ஓட அவசரப்படாதீங்க!

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருபவர்களில் 2 ரகம் உண்டு. 'மூட்டு கழன்று விடுமோ' என்று பயந்து கட்டிலை விட்டே இறங்காதவர்கள் ஒரு ரகம். வலி போன சந்தோஷத்தில் ஒரே மாதத்தில் மூட்டை தூக்கக் கிளம்புபவர்கள் இன்னொரு ரகம். ரெண்டுமே ஆபத்து என்கிறார்கள் டாக்டர்கள்.

இது வயசானவர்கள் சமாச்சாரம் மட்டும் அல்ல. இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப் போகும் நோய் 30, 40 வயதுக்காரர்களையும் தாக்குகிறது. அதிக குடியும், ஸ்டீராய்டு மருந்தும் முக்கிய காரணங்கள். உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, 'எப்போ பழையபடி நடமாடலாம்?' என்பதுதான் முதல் கேள்வி.

மூட்டு புதுசு, தசை பழசு

தொடை எலும்பின் உச்சி பந்து மாதிரி இருக்கும். அது இடுப்பு எலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் சுழலும். கெட்டுப்போன பந்தை வெட்டி எடுத்துவிட்டு, உலோக தண்டும், உலோகம் அல்லது செராமிக் பந்தும் பொருத்துகிறார்கள். கிண்ணத்தையும் மாற்றுகிறார்கள்.

மூட்டு புதுசுதான். ஆனால் சுற்றியுள்ள தசை, மாதக்கணக்கில் நொண்டி நடந்ததில் சூம்பிப் போயிருக்கும். அதைத் தேற்றுவதுதான் உடற்பயிற்சியின் வேலை.

எப்போது என்ன செய்யலாம்?

* ஆபரேஷன் அன்றோ, மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க உதவும்.

* முதல் 6 வாரம் வீட்டைச் சுற்றி நடை. கைத்தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

* 6 வாரத்துக்கு பிறகு ஒரே இடத்தில் நின்று மிதிக்கும் சைக்கிள். புண் நன்றாக ஆறியிருந்தால் நீச்சல். பைக் ஓட்டுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

* 3 மாதத்துக்கு மேல் வேக நடை, ரோட்டில் சைக்கிள். ஏற்கனவே ஷட்டில் ஆடியவர்கள் 6 மாதம் வாக்கில், டாக்டர் சம்மதித்தால், இரட்டையர் ஆட்டம் ஆடலாம்.

சம்மணம் போடுவது, குத்த வைத்து உட்காருவது, கால் மேல் கால் போடுவது முதல் 3 மாதம் கூடவே கூடாது. மூட்டு நழுவ வாய்ப்பு அதிகம். வீட்டில் இந்தியன் டாய்லெட் என்றால், மேலே வைக்கும் நாற்காலி ஒன்று வாங்கி விடுங்கள். 3 மாதம் கழித்தும் டாக்டர் சொன்னால்தான் தரையில் உட்கார வேண்டும்.

ஓடினால் என்ன?

நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. ஓடும்போது 5 மடங்கு வரை போகும். 60 கிலோ ஆளுக்கு 300 கிலோ! தலைச்சுமை தூக்கினால் இன்னும் கூடும். அதனால்தான் ஓட்டம், கபடி, கால்பந்து வேண்டாம் என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள்.

2019-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, 100 செயற்கை மூட்டுகளில் சுமார் 89, 15 வருடம் தாண்டி உழைக்கின்றன. 25 வருடம் தாக்குப் பிடிப்பவை சுமார் 58. சின்ன வயதில் மாற்றியவர்களுக்கு மறு ஆபரேஷன் வரலாம். மூட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அந்த நாள் தள்ளிப் போகும்.

'டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே திரும்ப ஆடினாரே' என்று கேட்கலாம். 2019 ஜனவரியில் ஆபரேஷன் செய்து, அதே அக்டோபரில் பெல்ஜியத்தில் பட்டமே ஜெயித்தார். ஆனால் அவருக்குப் பந்தை வெட்டி எடுக்கவில்லை. அதன் மேல் உலோக மூடி மாட்டினார்கள். அது வேறு ஆபரேஷன். அவர் கூடவே பயிற்சியாளர் பட்டாளமும் இருந்தது.

இதெல்லாம் வந்தால் உஷார்

கெண்டைக்காலில் வீக்கம், வலி, காய்ச்சல், புண்ணில் சீழ் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலி, மூச்சு திணறல் வந்தாலோ, திடீர் வலியோடு கால் குட்டையானது போல் தெரிந்தாலோ உடனே 108-க்கு போன் போடுங்கள்.

மற்றபடி பயம் வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள். பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.