பழைய கட்டிட அடித்தளங்களின் மறுபயன்பாடு

நகரங்களில் பழைய கட்டிடத்தை இடித்துப் புதியது எழுப்பும்போது, மண்ணுக்குள் இருக்கும் பழைய அடித்தளத்தை அகற்றாமல் புதிய கட்டிடத்தையும் அதன்மேல் தாங்கச் செய்வது அடித்தள மறுபயன்பாடு எனப்படும். அடித்தளத்தை அஸ்திவாரம், கடைக்கால் என்றும் சொல்வர். சுவரில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் இருப்பது தெரியாது. எனவே அதன் நிலையை மதிப்பிடுவதே இப்பணியின் கடினமான பகுதி.

தேவை

இலண்டன் நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு உயரமான கட்டிடங்கள் பலவும் களிமண்ணில் இறக்கப்பட்ட பைல்கள் எனும் ஆழ்தூண்களின் மேல் நிற்கின்றன. ஒவ்வொரு முறை இடித்துக் கட்டும்போதும் புதிய பைல்கள் பழையவற்றுக்கு இடையே இறக்கப்படுவதால் மண்ணில் இடம் குறைகிறது. அதே மண்ணில்தான் சுரங்க இரயில் பாதைகளும் உரோமானியர் காலத் தொல்லெச்சங்களும் உள்ளன. 1954-இல் ஒரு கட்டுமானத் தளத்தில்தான் மித்ராசு கோயில் வெளிப்பட்டது. பழைய பைல்களைப் பிடுங்கினால் சுற்றியுள்ள மண் தளரும், செலவும் மிகும். மறுபயன்பாட்டால் சிமெண்டும் எஃகும் மிச்சமாகின்றன. அவற்றின் தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவும் குறைகிறது.

மதிப்பிடும் முறை

1. ஆவணங்கள்: பழைய வரைபடங்கள், மண் ஆய்வு அறிக்கைகள், பைல் இறக்கிய பதிவேடுகள் ஆகியவற்றைத் தேடி எடுப்பர். கட்டும்போது மாற்றங்கள் நடந்திருக்கலாம் என்பதால் வரைபடத்தை மட்டும் நம்புவதில்லை.

2. நேரடிப் பார்வை: சோதனைக் குழி தோண்டி, பைலின் தலைப்பகுதியின் அளவையும் இருப்பிடத்தையும் சரிபார்ப்பர்.

3. நீளம்: பைலின் தலையில் சுத்தியலால் தட்டினால் அதிர்வலை அடிமுனை வரை சென்று திரும்பும். திரும்பும் நேரத்தைக் கொண்டு நீளத்தையும் இடையில் உள்ள பெரிய குறைகளையும் கணிக்கலாம். மேலே கட்டிடம் இருந்தால், பைலுக்கு அருகே துளையிட்டு, பல ஆழங்களில் அதிர்வு வந்துசேரும் நேரத்தை அளப்பர். பைலின் முடிவைத் தாண்டியதும் அந்த நேரம் விரைந்து கூடத் தொடங்கும்.

4. பொருளின் நிலை: காங்கிரீட்டில் துளையிட்டு எடுத்த உருளை மாதிரியை நசுக்கி வலிமையை அறிவர். புதிதாக உடைத்த முகத்தில் பீனால்ப்தலீன் தெளித்தால் காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதியில் கம்பி துருப்பிடிக்க வாய்ப்பு அதிகம். மண்ணிலும் நீரிலும் சல்பேட்டு உள்ளதா என்றும் பார்ப்பர்.

சுமைக் கணக்கு

பழைய கட்டிடத்தைப் பல ஆண்டுகள் தாங்கிய அனுபவமே ஒரு சுமைச் சோதனை. புதிய கட்டிடம் அதே அளவோ அதைவிடக் குறைவாகவோ எடையுள்ளதாயின் பழைய பைல்கள் போதுமானவையாக இருக்கலாம். கூடுதல் எடைக்குப் புதிய பைல்களைச் சேர்க்க வேண்டும். இங்கு ஒரு சிக்கல் உண்டு. பழைய பைல் தன் சுமைக்கு ஏற்ப ஏற்கெனவே இறங்கி நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டும் சமமாக இறங்காவிட்டால் கட்டிடம் விரிசல் விடும். ஆகவே சுமையைப் பகிர்ந்தளிக்கும் தடித்த தளம் அமைப்பர். இடித்தபின் எடை நீங்குவதால் களிமண் மேலெழும்பி பைல்களை இழுக்கும். அதையும் கணக்கில் கொள்வர்.

மரத்தூண் அடித்தளங்கள்

ஆம்சுடர்டாம் அரச மாளிகை 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது; அதன் கட்டுமானம் 1648-இல் தொடங்கியது. மரம் நீருக்குள் முழுதும் மூழ்கியிருக்கும்வரை நீண்டகாலம் நிலைக்கும். நிலத்தடி நீர் தாழ்ந்தால் காற்றுபட்டு, பூஞ்சை தாக்கி, தூணின் தலை மக்கும். பாசுடன் நகரில் வீடுகள் இவ்வாறு பாதிக்கப்பட்டதால், நீர்மட்டத்தைக் கண்காணிக்க 1986-இல் தனி அமைப்பு நிறுவப்பட்டது. இத்தகைய இடங்களில் தூணை மட்டும் ஆராய்ந்தால் போதாது. நீர்மட்டத்தையும் தொடர்ந்து அளக்க வேண்டும்.

பொறுப்பும் பதிவும்

பழைய அடித்தளம் பழுதானால் யார் பொறுப்பு என்ற கேள்வி உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் தயங்க வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியில் நடந்த ஆய்வுத் திட்டம் ஒன்று, 2006-இல் இதற்கான வழிகாட்டிக் கையேட்டை வெளியிட்டது. இன்று கட்டுவோர் பைல்களின் இடம், நீளம், சுமை ஆகியவற்றைப் பதிந்து பாதுகாத்தால், அடுத்த தலைமுறை மண்ணைத் தோண்டாமலே அவற்றை அறியலாம். அங்கு குடியிருக்கப் போகிறவர்களின் உயிர்ப் பாதுகாப்பும் அந்தப் பதிவைச் சார்ந்திருக்கும்.