பத்து மீட்டர் ஆழம் தாங்கும் கேமரா பாலத்து மழையைத் தாங்குமா?

விடியற்காலையில் பினாங்குப் பாலத்தில் ஏறும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் சிலருடைய தலைக்கவசத் தாடையிலோ கைப்பிடியிலோ, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஆக்‌ஷன் கேமரா. அலைச்சறுக்கு வீரர்களுக்காகப் பிறந்த பொருள், இன்று 13.5 கிலோமீட்டர் பாலத்தில் சாட்சியாகப் போய் வருகிறது.

சாட்சி வேண்டியிருக்கிறது என்பதே வருத்தமான விஷயம். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். லாரி உரசிவிட்டு நிற்காமல் போனால், வண்டி எண்ணைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும்; அப்போது கையில் ஒரு படம் இருந்தால் பேச்சே வேறு.

ஆனால் விலை? பெயர் பெற்ற நிறுவனங்களின் கேமரா ஏறக்குறைய 1,200 ரிங்கிட்டிலிருந்து 2,000 ரிங்கிட் வரை போகிறது. 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 ரிங்கிட்தான். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கும் பொருளை விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்க முடியாது.

விளம்பரம் முதலில் சொல்வது ஆழத்தை. கோப்ரோ 10 மீட்டர் என்கிறது. டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 4 மாடலுக்கு 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 ப்ரோவுக்கு 20 மீட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் நம்மில் எத்தனை பேர் அத்தனை ஆழம் போகப் போகிறோம்? பட்டர்வொர்த் கரையோரம் சேற்றுக் கலங்கல். இரண்டு முழம் இறங்கினாலே கை தெரியாது. தெளிந்த நீர் வேண்டுமென்றால் கெடா பக்கம் புலாவ் பாயார் போக வேண்டும். அங்கும் உயிர்காப்பு அங்கியோடு மிதந்தபடி மீன் பார்ப்பவர்களுக்கு ஓரிரு மீட்டர் தாங்கினாலே போதும். ஆகவே 10, 18, 20 என்ற எண்களை ஒப்பிட்டுத் தலையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை.

நம் ஊரில் கேமராவைக் கொல்வது ஆழம் அல்ல. உப்பு, வெயில், பிறகு ஒரு சின்னக் கதவு.

அந்தக் கதவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. பேட்டரியும் மெமரி கார்டும் சார்ஜ் துளையும் ஒரு சிறு கதவுக்குள் இருக்கின்றன. கதவைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம்தான். முழுத் தரத்தில் பதிவு செய்தால் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்குவதே பெரிது; பாலத்தில் நெரிசல் என்றால் போக வர அதுவே போதாது. அதனால் பலர் மோட்டாரிலிருந்து சார்ஜ் கம்பி இழுத்து, கதவைத் திறந்தபடியே ஓட்டுகிறார்கள். கதவு திறந்த நிமிடமே பத்து மீட்டர் வாக்குறுதி போயிற்று. பாலத்தின் நடுவில் திடீர் மழை பிடித்தால் ஒதுங்க இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போக வர வாங்குகிறீர்கள் என்றால், மழையில் சார்ஜ் செய்ய தனி மூடி கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூடுதலாக இரண்டு பேட்டரி விலையையும் கணக்கில் சேருங்கள்.

உப்பு மெதுவாகக் கொல்லும். கடலில் நனைந்த கேமரா காய்ந்ததும் உப்புத் துகள் கதவு விளிம்பில் படியும். அடுத்த முறை திறந்து மூடும்போது அது வளையத்துக்கும் உடலுக்கும் நடுவில் சிக்கும். ஒரு தலைமுடி சிக்கினாலே நீர் வழி கண்டுபிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறக்காமல், நல்ல தண்ணீர் வாளியில் கால் மணி நேரம் போட்டு வைத்து, துடைத்து, பிறகு திறக்க வேண்டும். கார் கழுவும் வாட்டர் ஜெட் வேண்டவே வேண்டாம். அதன் அடி பத்து மீட்டர் ஆழத்தைவிடக் கடுமையானது. புலாவ் அமான் பக்கம் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வார்த்தை: ஏறக்குறைய 150 கிராம் எடையுள்ள இந்தப் பெட்டி கல் மாதிரி மூழ்கும். ஆரஞ்சு நிற மிதக்கும் கைப்பிடியை அதோடு சேர்த்தே வாங்குங்கள்.

அடுத்து வெயில். கோப்ரோவின் பல மாடல்களுக்கு அந்நிறுவனமே குறிப்பிடும் உச்ச வெப்பநிலை 35 டிகிரி. டிஜேஐ ஆக்‌ஷன் வரிசைக்கு 45. பட்டர்வொர்த்தில் மதியம் நிழலிலேயே 32, 33 தொடும். ஓடும் வண்டியில் காற்று குளிர்விக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, அல்லது திருவிழாவில் ஓரிடத்தில் வைத்துப் படம் பிடிக்கும்போது, 4கே தரத்தில் சூடேறித் தானே அணைந்துவிடக்கூடும். தினசரிச் சாட்சிக்கு 4கே தேவையே இல்லை. 1080 தரம் போதும். சூடும் குறையும், இடமும் மிச்சம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி விழுங்கும்.

கைத்தொலைபேசியையே கைப்பிடியில் மாட்டினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்பிள் நிறுவனமே 2021-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சக்தி மிக்க மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று. அதன் லென்ஸ் கைநடுக்கத்தை ஈடுகட்ட உள்ளே அசையும் அமைப்புடையது. ஓயாத அதிர்வு அதைக் கெடுக்கும். ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் அசைவதில்லை. குலுங்கல் எவ்வளவு என்று அளந்து, படத்தின் ஓரங்களை வெட்டி, கணக்குப் போட்டே சரிசெய்கிறது. 2002-இல் அலைச்சறுக்குப் பயணம் போன அமெரிக்கர் நிக் வுட்மேன், மணிக்கட்டில் கட்டும் பட்டையில் தொடங்கி, 2004-இல் விற்ற முதல் கோப்ரோ 35 மில்லிமீட்டர் பிலிம் கேமரா. நோக்கம் அப்போதே இதுதான்: அடிபடும், நனையும், கையால் பிடிக்க முடியாது.

இதன் பலவீனம் இருட்டு. சென்சார் சிறியது. ஆக்‌ஷன் 4-இன் சென்சார் 1/1.3 அங்குலம், கோப்ரோ ஹீரோ 12-இன் சென்சார் 1/1.9 அங்குலம், இரவு ஷிப்ட்காரர்கள் பார்க்க வேண்டிய எண் ஆழம் அல்ல, இதுதான். கடையின் பிரகாச விளக்கில் எல்லாக் கேமராவும் அழகாகவே காட்டும். பொழுது சாய்ந்த பிறகு போய், வாசலுக்கு எடுத்து வந்து, கடந்து போகும் காரைப் படம் பிடித்து நிறுத்திப் பாருங்கள். எண் தகட்டைப் படிக்க முடிந்தால் வாங்கலாம். படிக்க முடியாவிட்டால், அது சுற்றுலாக் கேமரா, சாட்சிக் கேமரா அல்ல.

தைப்பூசத்துக்குப் பெர்ரி ஏறிப் போகிற குடும்பங்களுக்கும் இது உதவும். ரத ஊர்வலத்தில் சிதறு தேங்காய் உடைபடும் தெருவில், பெரிய கேமராவுக்குள் இளநீர் தெறித்தால் வைத்தியம் பார்ப்பது கஷ்டம். இதைக் குழாயடியில் கழுவிவிடலாம். தண்ணீர்மலைப் படிகளில் ஏறும்போது மார்புப் பட்டையில் மாட்டினால் கைகள் சும்மா இருக்கும். காவடி எடுப்பவரின் முகத்துக்கு நேரே மட்டும் நீட்டாதீர்கள். இதன் அகல லென்ஸுக்காக மிக அருகில் போக வேண்டியிருக்கும். அது அவருடைய நேரம்.

நூறு, நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு "4கே, 30 மீட்டர்" என்று விற்பவை? அந்த 30 மீட்டர் பெரும்பாலும் வெளியே போடும் பிளாஸ்டிக் கூட்டுக்கு உரியது, கேமராவுக்கு அல்ல. வாங்கினால், முதலில் கூட்டுக்குள் டிஷ்யூ தாள் மட்டும் வைத்து வாளியில் அரை மணி நேரம் அமுக்குங்கள். தாள் நனைந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கூட்டைக் குளிர்சாதன அறையில் மூடிக்கொண்டு புறப்பட்டால் உள்ளே அடைபடும் காற்றில் ஈரம் குறைவு. கண்ணாடி பனிப்பதும் குறையும்.

கடைசியாகக் கடையில் கேட்க வேண்டியது: இது உள்ளூர் உத்தரவாதம் உள்ளதா, ஏபி செட்டா? விலை வித்தியாசம் இருநூறு ரிங்கிட் என்று ஆசை காட்டுவார்கள். கைத்தொலைபேசியில் அந்த ஆசை பலிக்கலாம். தண்ணீரில் இறங்கப் போகும் பொருளில், கதவும் வளையமும் மாற்ற உள்ளூரில் ஆள் இருப்பதற்கு அந்த இருநூறு அதிகம் இல்லை. மாற்றுக் கதவு தனியாகக் கிடைக்கும் மாடல்தானா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.