அயல்வீட்டுப் பெண் திரையில் பேசுகிறாள்

கர்ப்பத்தினாலும் பிரசவத்தினாலும் 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 இலட்சத்து 60 ஆயிரம் பெண்கள் உயிரிழந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. இவற்றுட் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடிய மரணங்கள். வைத்திய வசதி இன்மை ஒரு காரணம். ஆபத்தின் அறிகுறியை வீட்டார் அறியாதிருப்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது குறையை நீக்க, வட இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், ரேபரேலி மாவட்டக் கிராமங்களில் நடந்த முயற்சி ஒன்று நம் கவனத்திற்குரியது.

விவசாயிகளுக்குப் பயிர்முறைகளை வீடியோ மூலம் கற்பிக்க, 2006இல் பெங்களூரில் உருவானது 'டிஜிற்றல் கிறீன்' திட்டம். அவ்வழியைத் தாய் சேய் நலத்திற்கும் பயன்படுத்த 'பாத்' என்ற சர்வதேச சுகாதார நிறுவனம் அதனுடன் இணைந்தது. நகரத்து நிபுணர் உபதேசிக்கும் படங்களல்ல இவை. ஒளிப்பதிவு செய்தோர் பயிற்சி பெற்ற உள்ளூரவர். நடித்தோர் அவ்வூர்ப் பெண்கள். பேசப்பட்டதும் அவ்வூர்ப் பேச்சே.

மின்சாரத்தை நம்பவியலாத ஊர்களில், பற்றரியில் இயங்கும் கையடக்கக் கருவி சுவரிலே படத்தைக் காட்டிற்று. 'ஆஷா' எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர் தாய்மாரைக் கூட்டி, படத்தை நிறுத்தி நிறுத்தி வினா எழுப்பி, ஐயம் தீர்த்தார்.

சீம்பாலைப் பிழிந்து ஊற்றுவதும், பிறந்த சிசுவை உடனே குளிப்பாட்டுவதும் பல ஊர்களில் வழிவழி வந்த வழக்கங்கள். ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கவேண்டும், 24 மணி நேரமேனும் குளிப்பாட்டலாகாது என்று துண்டுப் பிரசுரம் அச்சிட்டால், எழுத்தறியா மாமியாருக்கு அதனால் என்ன பயன்? தன்னைப் போன்ற மாமியார் ஒருவர் திரையில் அதனைச் செய்யக் காணும்போதுதான் மனம் இளகும்.

படம் இரத்தப்போக்கை நிறுத்தாது. வாகனமும் மருத்துவிச்சியும் வைத்தியசாலையும் வேண்டும். எனினும், காலந்தாழ்த்தாது புறப்பட வைக்கும் ஆற்றல் அதற்குண்டு.

புலம்பெயர்ந்த நாடுகளில் வைத்தியசாலை அருகிலிருந்தும், சொல்வது விளங்காமல் தலையசைத்துத் திரும்பும் கர்ப்பிணிகள் நம்மிடையே உளர். கணவனோ பிள்ளையோ மொழிபெயர்க்கையில், கூச்சத்தால் சொல்லப்படாத நோய்க்குறிகள் எத்தனை! இரத்தப்போக்கு, கடுந் தலையிடி, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றை ஒருநாளும் மறைக்கலாகாது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் தயங்கலாகாது.

நம்மவரிடம் வீடியோக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பூப்புனித நீராட்டு விழாக்களே சாட்சி. நம் தாதியரும் தாய்மாரும் நம் தமிழிற் பேசும் பத்து நிமிடப் படமொன்றை எடுக்க, ஒரு சங்கமேனும் முன்வருமா?